ஏனைய மாவட்டங்கள்

மத்தியானம் ஒன்றேகாலுக்கு வரும் வானிலை அறிக்கையில்
எங்கள் ஊருக்குப் பேர் கிடையாது.
சென்னை உண்டு, திருவள்ளூர் உண்டு,
வட கடலோரத்துக்கென்று முழுசாக ஒரு வாக்கியம் உண்டு.
காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் எல்லாம்
கடைசி வரியில்
‘ஏனைய’ என்ற சொல்லுக்குள் குந்தியிருக்கிறோம்.

பங்குனி முடியப் போகிறது.
களத்தில் இருபதாயிரம் தேங்காய்
இரண்டிரண்டாய் உடைந்து மல்லாந்து கிடக்கிறது.
செருப்பில்லாமல் கால் வைத்தால் தோல் உரியும்.
சரசாத்தாளும் நானும் காய்ந்த வரிசையிலிருந்து
தொட்டி வேறு, பருப்பு வேறாகக் கழற்றுகிறோம்.
“இன்னும் மூணு வெயிலு” என்கிறார் நல்லசிவம்.
களத்துக்காரர். நாளை வெயிலால் எண்ணுகிறவர்.

எனக்கு அந்த முதல் வாக்கியம்தான் முக்கியம்.
என் வீட்டுக்காரர் பல்லடத்தில் கறிக்கோழி லோடு ஓட்டுகிறார்.
ராத்திரி ஏற்றினால் விடியக் கும்மிடிப்பூண்டி.
‘வட கடலோர மாவட்டங்களில்
வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து
அசௌகரியம் ஏற்படலாம்.’
அசௌகரியம்.
எவ்வளவு மரியாதையான சொல்.
கூண்டுக்குள் வாயைப் பிளந்து நிற்கும் கோழி
அதை அப்படிச் சொல்லாது.
செத்ததை எடை போட்டு
சம்பளத்தில் கழிக்கும் கம்பெனிக்காரனும் சொல்ல மாட்டான்.

ஆகவே தினமும் இரண்டு வேண்டுதல்:
அங்கே பெய்.
இங்கே வேண்டாம்.
கேட்கிற சாமிக்கும் சலிப்புத் தட்டியிருக்கும்.

வியாழக்கிழமை அறிக்கை மாறியது.
‘வட கடலோரத்தில் ஓரிரு இடங்களில்
இடி மின்னலுடன் லேசான மழைக்கு வாய்ப்பு.
ஏனைய மாவட்டங்களில் வறண்ட வானிலையே நிலவும்.’
உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.
“மாமா, நாளைக்கு நனையப் போறீங்க.”
சோறு தின்றுகொண்டே சிரித்தார்.

நாலு மணிக்குச் சென்னிமலைப் பக்கம்
ஒரு மப்பு, உள்ளங்கை அகலம்.
யாரும் நம்பவில்லை.
அப்புறம் காற்று. செம்மண். ஒரு தகரம் பறந்து வேலியில் மோதியது.
“படுதா! படுதா!” நல்லசிவம் வேட்டியை மடிக்கவும் மறந்து ஓடுகிறார்,
நாலு படுதாவில் ஒன்று கிழிசல்,
ஒன்றை எலி கடித்திருக்கிறது,
ஒரு முனையை நான் இழுக்க
மறுமுனையோடு சரசாத்தாளைக் காற்று இழுக்கிறது.

இருபது நிமிஷம்தான்.
நின்றபோது பார்த்தேன்,
மூடாத பாதிக் களத்தில்
இருபதாயிரம் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் மழை.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம்.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
பிறகு குனிந்து
ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தோம்.
இருட்டியும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.
“ஒரு சொட்டு இல்ல புள்ள.
செங்குன்றத்துல மறியல். ரெண்டு மணி நேரமா நிக்கறேன்.
குடிக்க வெச்சிருந்த தண்ணியையும் கூண்டு மேல ஊத்திட்டேன்.”
எத்தனை என்று கேட்டேன்.
“எண்ணல.”
பின்னால் ஆரன்கள்.
“நாப்பதுக்கு மேல இருக்கும்.”

ஒன்றேகாலுக்கு அறிக்கை வந்தது.
கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் பதிவான மழை:
காங்கேயம், மூன்று சென்டிமீட்டர்.
வேறெங்கும் இல்லை.

சரசாத்தாள் இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்,
ஊர்ப் பேரைக் கேட்க.
வைத்தேன்.
கறுத்த பருப்புக்கு மூட்டம் போட
நல்லசிவம் கந்தகம் வாங்கி வந்திருந்தார்.
மேலே பார்த்தார். துடைத்த மாதிரி வெளிச்சம்.
“இன்னும் அஞ்சு வெயிலு.”

அறிக்கையில் மிச்சம் இருந்தது.
வட கடலோரத்தில் நாளையும் அசௌகரியம்.
ஏனைய மாவட்டங்களில் வறண்ட வானிலை.
போனை மடியில் துடைத்துவிட்டு
அவருக்கு எழுதினேன்:
அடுத்த லோடுக்கு
தண்ணி ரெண்டு கேன் சேத்தி எடுத்துக்கோங்க.
ஒண்ணு உங்களுக்கு.